பலாலி வழியாக யாழ்ப்பாணம்: பயணிக்கு ஒரு வழிகாட்டி

சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ யாழ்ப்பாணம் வருபவர், கொழும்புக்கு அருகேயுள்ள கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கி ஏழெட்டு மணி நேரம் தரைவழியே வடக்கு நோக்கி வரவேண்டிய தேவை இப்போது இல்லை. யாழ் நகரிலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீற்றர் வடக்கே பலாலியில் ஒரு சிறிய சர்வதேச விமான நிலையம் இயங்குகிறது. ஆனால், பெரிய விமான நிலையங்களின் பழக்கத்தோடு இங்கே வந்தால் சில இடங்களில் தடுமாற நேரும். அதற்குக் காரணம் இந்த இடத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப் படை அமைத்த களம் இது. போர் முடிந்தபின் பொதுமக்கள் சேவைக்கு வந்தது. 1947 டிசம்பர் 10 அன்று அன்றைய இலங்கை விமான நிறுவனமான எயார் சிலோனின் முதல் சேவை கொழும்புக்கு அருகேயுள்ள இரத்மலானையிலிருந்து புறப்பட்டு இவ்வழியாகவே சென்னைக்குச் சென்றது. உள்நாட்டுப் போர் அதை மீண்டும் இராணுவத் தளமாக்கியது. 1990இல் பலாலியை உள்ளடக்கிய வலிகாமம் வடக்குப் பகுதியின் மக்கள் இடம்பெயர, சுற்றியிருந்த ஊர்கள் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. 2019 ஒக்டோபர் 17 அன்று யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரில் இது திறக்கப்பட்டது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் நின்ற சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. இன்றும் விமானப் படைத் தளம் அருகிலேயே இருக்கிறது, ஓடுபாதையும் பொதுவானதே. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் இங்குள்ள கட்டுப்பாடுகள் வியப்பளிக்கமாட்டா.

பயணச்சீட்டு வாங்குமுன் இலங்கை குடிவரவுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் மின்னணுப் பயண அனுமதிக்கான அன்றைய விதியையும் கட்டணத்தையும் பார்த்துவிடுங்கள். இவை அடிக்கடி மாறுகின்றன. சென்ற ஆண்டு போய்வந்த உறவினர் சொன்ன தொகையை நம்பவேண்டாம். நல்லூர்க் கந்தன் திருவிழாவின் 25 நாள்களுக்கு வர விரும்புபவர் மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்வது நல்லது. வரும் விமானங்கள் சிறியவை, நாளுக்கு ஒரு சிலவே.

அந்த விமானத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். பெரும்பாலும் ஏ.டி.ஆர் 72 என்னும், எழுபது பேரளவில் ஏறக்கூடிய, சுழல்விசிறி கொண்ட விமானமே வரும். பயணிகள் வாலருகே உள்ள கதவால் சிறு படியேறி நுழைவார்கள். ஆகவே பின்வரிசையில் இருப்பவரே முதலில் இறங்குவார், குடிவரவு வரிசையிலும் முன்னால் நிற்பார். விசிறிகளின் இரைச்சலும் பின்வரிசையில் குறைவு. இறக்கை கூரையின்மேல் அமைந்திருப்பதால் பெரும்பாலான சன்னல்களிலிருந்து கீழே நன்றாகத் தெரியும். தலைக்குமேல் உள்ள பெட்டகமோ ஆழமற்றது. சக்கரம் வைத்த கடினப் பெட்டியை அதற்குள் திணிக்க நான் ஒருமுறை இரண்டு நிமிடம் போராடி, பின்னால் நின்றவர்களின் பொறுமையைச் சோதித்து, கடைசியில் பணிப்பெண்ணிடம் ஒப்படைத்தேன். மருந்து, கடவுச்சீட்டு, நகை ஆகியவற்றைத் தோளில் தொங்கும் துணிப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியை ஒப்படைக்க நேர்ந்தாலும் அவை கையிலேயே இருக்கும். பொதியின் எடை வரம்பைப் பயணச்சீட்டில் பார்த்து வீட்டிலேயே நிறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னையிலிருந்து நேர்கோட்டில் 350 கிலோமீற்றர் அளவே. திருச்சியிலிருந்து அதில் ஏறத்தாழப் பாதி. பனைகளும் செம்மண் தோட்டங்களும் தெரியத் தொடங்கினால் இறங்கப்போகிறீர்கள் என்று பொருள். இறங்கியதும் கைப்பேசியைத் தூக்கிப் படமெடுக்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். ஓடுபாதை, காவலரண், சீருடையினர் எதையும் படம்பிடிக்கவேண்டாம்; ட்ரோன் கொண்டுவருவதானால் முன்அனுமதி கட்டாயம். தமிழ் முதலாவதாக எழுதப்பட்ட பெயர்ப்பலகையின் முன் நின்று படமெடுக்க விரும்புபவர்கூட, அருகில் நிற்கும் அலுவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது உத்தமம்.

நகருக்குச் செல்லும் வாகனத்தை வருமுன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். வாசலில் ஓட்டோக்கள் வரிசையாக நிற்கும் என்ற எண்ணத்தில் வருவது சரியன்று. வீட்டாரோ விடுதிக்காரரோ வருவதானால், உங்களை எந்த இடத்தில் ஏற்றுவது என்பதை அவர்களிடம் முதல்நாளே பேசிவிடுங்கள். பலாலி வீதி புன்னாலைக்கட்டுவன், உரும்பிராய், கோண்டாவில், திருநெல்வேலி வழியாக நகரை அடைகிறது. அதன் வசாவிளான் பக்கத்துப் பகுதி மூன்று பதிற்றாண்டுகளுக்கு மேல் மூடிக்கிடந்து, 2025 ஏப்ரலில், இடையில் வண்டியை நிறுத்தவோ படமெடுக்கவோ கூடாதென்ற நிபந்தனைகளோடு திறக்கப்பட்டது. உங்கள் சாரதி ஓரிடத்தில் நிறுத்த மறுத்தால் அவரைக் குறைகூறாதீர்கள். கீரிமலைக் கேணியும் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவிலும் இதே வலிகாமம் வடக்கில்தான் இருக்கின்றன. காலையில் இறங்குபவர் பெட்டியோடு நகருக்குப் போய்த் திரும்புவதைவிட, அவற்றைப் பார்த்துவிட்டே நகருக்குச் செல்லலாம்.

திரும்பும் நாளில் புறப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் முன்னதாக நிலையத்தில் இருங்கள். சாப்பாட்டை நகரிலேயே முடித்துக்கொள்ளுங்கள். உறவினர் கட்டிக்கொடுக்கும் பனங்கட்டியும், பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியலும் கைப்பையில் வரலாம். நெல்லிரசப் போத்தல் வராது: 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட திரவம் எதையும் சோதனையில் எடுத்துவிடுவார்கள். அதன் மூடியை நன்றாக இறுக்கி, பொலித்தீன் பையில் இட்டு, பழைய சேலை ஒன்றால் சுற்றி, ஒப்படைக்கும் பெட்டியின் நடுவில் வையுங்கள்.