பெரிய கேன்வாஸ் பிரிண்ட்டுக்கு வார்னிஷ்: ரோலரா, ஸ்ப்ரேயா, பிரஷ்ஷா?

களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் புது வீடு கட்டுகிறவர்கள் இப்போது ஹால் சுவருக்கு நாலடிக்கு ஆறடி அளவில் கேன்வாஸ் பிரிண்ட் கேட்கிறார்கள். சாமி படமோ, ரவிவர்மா ஓவியமோ, குடும்பப் படமோ, எதுவானாலும் கடையில் ஒரு கேள்வி வரும்: "கோட்டிங் வேணுமா சார்?" வேண்டும் என்று சொன்னால் பெரும்பாலும் கையில் இருக்கிற எதையாவது அடித்துக் கொடுத்துவிடுவார்கள். நீங்களே பூசுவதாக இருந்தால் எந்த முறையில் பூசுவது என்பதுதான் இந்தப் பதிவு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முறையைத் தீர்மானிக்க வேண்டியது மையும், பிரிண்ட்டின் பரப்பும், வெளியே பெய்கிற மழையும். கையில் என்ன கருவி இருக்கிறது என்பது கடைசியில்தான்.

கோட்டிங் தேவையா?

பேப்பரில் எடுத்த பிரிண்ட், மேலே கண்ணாடி போட்டு ஃபிரேம் செய்யப் போகிறீர்கள் என்றால் எதுவும் பூச வேண்டாம். ஓவியர் கையெழுத்தும் எண்ணும் போட்டுத் தந்த பிரிண்ட் என்றால் தொடவே வேண்டாம். பேப்பருக்குள் இறங்கிய வார்னிஷைத் திரும்ப எடுக்க முடியாது, பிரிண்ட்டின் மதிப்பும் அதோடு போகும்.

கண்ணாடி இல்லாமல் மாட்டுகிற கேன்வாஸுக்குத்தான் இது அவசியம். இன்க்ஜெட் மை துணியின் மேலுள்ள வெள்ளைப் பூச்சில்தான் உட்கார்ந்திருக்கிறது. வேலைக்கு வருகிற அக்கா ஈரத்துணியால் ஒரு தடவை அழுத்தித் துடைத்தால் போதும், மை கலைந்துவிடும். ஃபிரேம் கட்டையில் இழுத்து அடிக்கும்போது விளிம்பு மடிகிற இடத்திலும் மை வெடிக்கும். வளைந்து கொடுக்கிற அக்ரிலிக் வார்னிஷ் இருந்தால் அந்த வெடிப்பு வெகுவாகக் குறையும். லேடெக்ஸ், யூவி மெஷினில் எடுத்த பிரிண்ட் கொஞ்சம் தாங்கும். அதற்குப் பூசுவது உங்கள் விருப்பம்.

அச்சுப் படத்துக்கு வார்னிஷ் என்பது நம் ஊருக்குப் புதிதல்ல. கிளிமானூர்க்காரரான ரவிவர்மா 1894-ல் மும்பையில் அச்சகம் தொடங்கினார். அங்கே வந்தவை ஒலியோகிராப் வகை. எண்ணெய் ஓவியம்போலத் தெரிவதற்காக மேலே வார்னிஷ் பூசுவது அந்த வகை அச்சின் வழக்கம். பழைய வீடுகளில் தொங்குகிற அப்படிப்பட்ட படங்கள் மஞ்சளாகத் தெரிவதற்குப் பேப்பர் பழுத்தது ஒரு காரணம் என்றால், பழுப்பேறிய பிசின் வார்னிஷ் இன்னொன்று. இன்றைய அக்ரிலிக் வார்னிஷ் அவ்வளவு எளிதில் மஞ்சளாகாது.

மையைச் சோதிப்பது

பிரிண்ட் வாங்கும்போதே அதே கேன்வாஸில் அடர் கருப்பும் சிவப்பும் உள்ள ஒரு துண்டு வேஸ்ட் பீஸ் கேட்டு வாங்குங்கள். யாரும் இல்லையென்று சொல்ல மாட்டார்கள். ஒரு நாள் காயவிட்டு, நனைத்த பஞ்சால் தேயுங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அது டை மை, அதாவது கரைந்த சாயத்தால் ஆன மை. தண்ணீர் அடிப்படையிலான வார்னிஷ் பட்டால் ஓடிவிடும், சால்வென்ட் (தின்னர் போன்ற கரைப்பான்) கலந்த ஸ்ப்ரேதான் வழி. நிறம் வரவில்லையென்றால் பெரும்பாலும் பிக்மென்ட் மை, அதாவது கரையாத நிறப்பொடியால் ஆன மை, ரோலருக்கு ஏற்றது. ஃப்ளெக்ஸ் கடைகளில் எடுக்கும் கேன்வாஸ் பலதும் எகோ சால்வென்ட் மை, அதாவது தண்ணீருக்குப் பதில் கரைப்பானில் கலந்த மை. அதில் தண்ணீர் பட்டாலும் நிறம் நகராது. ஆனால் வழவழப்பான பரப்பாக இருந்தால் வார்னிஷ் பரவாமல் முத்து முத்தாகத் திரளும். அதனால் வேஸ்ட் பீஸில் பூசிப் பார்க்காமல் பெரிய படத்தில் கை வைக்காதீர்கள்.

பிரிண்ட்டைச் சுருட்டாமல், விரித்துக் குறைந்தது 24 மணி நேரம் போடுங்கள். தொட்டால் காய்ந்ததுபோல இருந்தாலும் மைக்குள் இருக்கிற கிளைகாலும் சால்வென்டும் மெதுவாகத்தான் வெளியேறும். அதற்குள் மூடினால் படலம் மங்கும், சில சமயம் உரிந்தும் வரும்.

எந்த முறை யாருக்கு?

பிரஷ்: சின்னப் படத்துக்கும், எண்ணெய் ஓவியம்போலக் கோடு தெரிய வேண்டும் என்பவர்களுக்கும் சரி. ஆறடியில் ஒரு முனை காய்வதற்குள் மறுமுனைக்குப் போக முடியாது, தடம் விழும்.

ஸ்ப்ரே கேன்: ஏ2 அளவு வரைக்கும் நல்லது, பேப்பர் பிரிண்ட்டுக்கு இதுதான் பாதுகாப்பு. 25 முதல் 30 செ.மீ. தள்ளி நின்று, ஒரு வரிசை முந்தையதைப் பாதி மூடும்படி மெல்லிய பூச்சுகளாக அடிக்க வேண்டும். நாலடி படத்துக்கு எத்தனை கேன் ஆகும் என்று கணக்குப் போட்டால் ஆசை போய்விடும்.

கோல்ட் லேமினேஷன் (சூடில்லாமல் அழுத்தி ஒட்டுகிற) ஃபிலிம்: போட்டோ பேப்பருக்கு ஓகே. கேன்வாஸில் ஒட்டினால் துணியின் நெசவு மறைந்து பிளாஸ்டிக் களை வந்துவிடும். கேன்வாஸ் வாங்கியதே அந்த நெசவுக்காகத்தானே! லிக்விட் லேமினேட்டர் என்று மெஷினே இருக்கிறது. தினமும் பத்திருபது படம் பூசுகிற கடைக்கானது, நமக்கு வேண்டாம்.

ஸ்ப்ரே கன்: பளபளப்பில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் கம்ப்ரசர் இருக்கிறதே என்று வண்டி பெயிண்ட் அடிக்கும் பட்டறைக்குத்தான் முதலில் போவோம். "கொண்டு வா தம்பி, கார் பானெட்டுக்கு அடிக்கிற கிளியர் இருக்கு, கண்ணாடி மாதிரி மின்னும்" என்பார் அண்ணன். அன்போடுதான் சொல்வார், ஆனால் மறுத்துவிடுங்கள். அது உலோகத்துக்கென்று செய்த டூ-பேக் கிளியர், அதாவது ஹார்டனர் கலந்து அடிக்கிற வார்னிஷ். அதிலுள்ள தின்னர் மையைக் கரைக்கலாம், மடிப்பில் படலம் வெடிக்கலாம். அதன் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் ஆஸ்துமாவை வரவழைக்கக் கூடியது. பட்டறை ஹோஸில் எண்ணெய்த் துளி வந்தாலும் படலத்தில் குழி குழியாக விழும். கன்தான் வேண்டும் என்றால் ஹெச்விஎல்பி (குறைந்த அழுத்தத்தில் அடிக்கும்) கன், ஈரமும் எண்ணெயும் பிரிக்கும் ஃபில்டர், தண்ணீர் அடிப்படையிலான வார்னிஷ் மூன்றும் வேண்டும். சால்வென்ட் எதை அடித்தாலும் கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க் போடுங்கள். துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது. பக்கத்தில் அடுப்போ தீப்பொறியோ கூடாது.

மிச்சம் இருப்பது ஃபோம் ரோலர். முதல் தடவை பூசுகிறவர்களுக்கு, பிக்மென்ட் மை கேன்வாஸுக்கு, நான் சொல்வது இதைத்தான்.

மழையைப் பார்த்து நாள் குறியுங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு மழை. ஜூனில் இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை), ஐப்பசியில் துலாவர்ஷம் (வடகிழக்குப் பருவமழை). சால்வென்ட் ஸ்ப்ரே ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். மழை நாளில் ஸ்ப்ரேயைத் தொடாமல் இருப்பதே மேல். தண்ணீர் வார்னிஷ் அப்படிப் பூப்பது குறைவு, ஆனால் காய நேரம் எடுக்கும். அவ்வளவு நேரமும் தூசியும் கொசுவும் ஒட்டும். காற்றின் ஈரப்பதம் காட்டும் ஹைக்ரோமீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் என்றால் மூடி திறக்காதீர்கள். மாசி, பங்குனியில் காலை பத்து மணிக்கு மேல் நல்ல நேரம்.

ரோலரில் பூசுவது

1. அறையைப் பெருக்கி, தரையை ஈரத் துணியால் துடைத்து, அரை மணி நேரம் கழித்து வாருங்கள். ஃபேனை நிறுத்துங்கள். மேசையில் பாலித்தீன் விரித்து, கேன்வாஸின் வெள்ளை விளிம்பை நாலு பக்கமும் மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். ஈரம் பட்டால் துணி நெளியும்.

2. அளவு: 1 லிட்டர் வார்னிஷை 100 மைக்ரான் ஈரப்படலமாக விரித்தால் 10 சதுர மீட்டர் வரும். நாலடிக்கு ஆறடி என்பது சுமார் 2.2 சதுர மீட்டர், ஆகவே ஒரு கோட்டுக்கு (ஒரு தடவைப் பூச்சுக்கு) 220 மில்லி. ரோலர் குடிப்பதற்கும் சேர்த்து 300 எடுத்து வைத்தால் நடுவில் தீராது.

3. வார்னிஷை ஆட்டாமல் பட்டைக் குச்சியால் மெதுவாகக் கிண்டுங்கள், ஆட்டினால் குமிழி. மேட் (பளபளப்பில்லாத) வகையில் பொடி அடியில் தங்கியிருக்கும், அடிவரை கிண்ட வேண்டும். நைலான் வடிகட்டியில் வடித்து ட்ரேயில் ஊற்றுங்கள். தடித்திருந்தால், டப்பாவில் அனுமதித்த அளவுக்கு மட்டும், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் சேர்க்கலாம்.

4. புது ஃபோம் ரோலர், நெருக்கமான ரகம், ஆறு அங்குலம். கழுவி, பிழிந்து, லேசான ஈரத்தோடு எடுங்கள். இரண்டடி அகலமாகப் பகுதி பிரித்து, தாராளமாக வைத்து, எல்லாத் திசையிலும் வேகமாக விரியுங்கள். பிறகு அழுத்தமே இல்லாமல், ரோலரின் எடை மட்டும் படும்படி, ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை ஒரே திசையில் இழுத்து விடுங்கள். படம் பால் ஊற்றியதுபோல வெள்ளையாக இருக்கும். பயப்பட வேண்டாம், காயும்போது தெளியும். சின்னக் குமிழி தானாக உடையும்.

5. ரோலர் பிசுபிசுவென்று இழுக்கத் தொடங்கியதும் கையை எடுத்துவிடுங்கள். விட்டுப்போன இடம் இருந்தால் இருக்கட்டும், இரண்டாம் கோட்டில் சரியாகும். போன் டார்ச்சைத் தாழ்த்திப் பிடித்தால் விட்ட இடம் மங்கலாகத் தெரியும்.

6. புறங்கையால் ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே தண்ணீர் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. அது நின்ற பிறகு இரண்டாவது கோட், முதல் கோட்டுக்குக் குறுக்காக, கொஞ்சம் மெல்லியதாக. மேட் வேண்டுமென்றால் முதல் கோட் பளபளப்பான கிளாஸ் வகை, கடைசிக் கோட் மட்டும் மேட். மேட்டின் மேல் மேட் பூசினால் கருப்பு சாம்பலாகிவிடும்.

7. ரோலரை உடனே கழுவுங்கள். காய்ந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

கட்டையில் இழுத்து அடிப்பதற்கு இன்னும் ஒரு நாள் பொறுங்கள். எர்ணாகுளத்துக்கோ சென்னைக்கோ அனுப்புவதாக இருந்தால் படம் வெளிப்பக்கம் வரும்படி, அகலமான குழாயில் சுருட்டுங்கள். வெயிலில் சூடேறிய அக்ரிலிக் படலம் பட்டதில் எல்லாம் ஒட்டும். நியூஸ் பேப்பரை மேலே வைத்தால் எழுத்தோடு உரிந்து வரும். ஸ்டிக்கர் கடையில் வினைல் உரித்ததும் கீழே போடுகிற வழவழப்பான பின்தாளைக் கேட்டு வாங்கி, அதை விரித்துச் சுருட்டுங்கள். சிலிகான் பூசிய தாள் என்பதால் எதுவும் அதில் ஒட்டாது, காசும் கேட்க மாட்டார்கள்.