தொடர் அதிர்வெண், தனித்த அதிர்வெண்: குழப்பம் தொடங்கும் இடம்

சிக்னலை மாதிரியெடுத்துத் தனித்தனி எண்களாக்கிவிட்டோம். ஆகவே அதன் அதிர்வெண் அச்சும் தனித்தனிப் புள்ளிகளாகிவிடும். கேட்க நியாயமாகத் தோன்றும் இந்த வாதம் தவறு. சிக்னல் செயலாக்கத் துறையில் புதிதாக நுழைகிறவர்கள் செய்யும் பல பிழைகளுக்கு இதுவே வேர்.

காலத்தில் மாதிரியெடுத்தால், அதிர்வெண் பக்கத்தில் விளைவது சுழற்சி. வினாடிக்கு 1000 மாதிரிகள் எடுத்தால், நிறமாலை (எந்த அதிர்வெண் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் வரைபடம்) 1000 ஹெர்ட்ஸுக்கு ஒரு முறை தன்னையே பிரதியெடுத்துக்கொண்டே போகும். சுழற்சியில்லாத சிக்னலாக இருந்தால், அந்த 1000 ஹெர்ட்ஸுக்குள் நிறமாலை இடைவெளியில்லாத தொடர்கோடுதான். டிடிஎஃப்டி எனப்படும் தனித்த கால ஃபூரியர் உருமாற்றம் தருவது இதைத்தான். அதிர்வெண் புள்ளிகளாக உடைவதற்குக் காரணம் வேறு: சிக்னல் காலத்தில் திரும்பத் திரும்ப வருவது. திரும்பத் திரும்ப வரும் அலையை சைன், கொசைன் அலைகளின் கூட்டாக எழுதும் ஃபூரியர் தொடரைப் பாருங்கள். அங்கே காலம் தொடர்ச்சியானது. ஆனாலும் அடிப்படை அதிர்வெண்ணின் முழு மடங்குகளைத் தவிர வேறெதுவும் இல்லை. ஒரு பக்கம் புள்ளிகள் என்றால் மறுபக்கம் சுழற்சி. இது மனத்தில் பதியாதவரை சூத்திரங்களை மனப்பாடம் செய்வது வீண் வேலை.

கணினி கணக்கிடும் டிஎஃப்டியில் (தனித்த ஃபூரியர் உருமாற்றம்) இரண்டு பக்கமும் புள்ளிகள்; ஆகவே இரண்டு பக்கமும் சுழற்சி. நாம் கொடுத்த துண்டு முடிந்ததும் அதே துண்டு மறுபடி தொடங்குகிறது என்பது அதன் கணக்கிலேயே பொதிந்திருக்கிறது. (எஃப்எஃப்டி என்பது வேறொரு உருமாற்றம் அல்ல, டிஎஃப்டியை விரைவாகக் கணக்கிடும் வழி. 1965இல் ஜேம்ஸ் கூலியும் ஜான் டூக்கியும் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு பரவலானது.)

இதை மறந்தால் என்ன ஆகும் என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். வினாடிக்கு 1000 மாதிரிகள். மொத்தம் 100 மாதிரிகள். அதாவது 0.1 வினாடிப் பதிவு. அதிர்வெண் புள்ளிகளுக்கு இடையே 10 ஹெர்ட்ஸ். 100 ஹெர்ட்ஸ் சைன் அலையைக் கொடுத்தால், அது சரியாக 10 சுற்றுகள் முடித்து, 0இலிருந்து எண்ணினால் 10ஆம் புள்ளியிலும் அதன் எதிர் அதிர்வெண்ணான மைனஸ் 100 ஹெர்ட்ஸ் புள்ளியிலும் மட்டும் உயர்ந்து நிற்கும். மற்ற இடங்களெல்லாம் பூஜ்யம். பாடநூல்கள் இந்த அழகான படத்தையே காட்டிப் பழக்கிவிடுகின்றன என்பது என் புகார். 105 ஹெர்ட்ஸைக் கொடுத்துப் பாருங்கள். பத்தரைச் சுற்றுகள், துண்டின் முடிவும் தொடக்கமும் ஒட்டாமல் முறிகின்றன. அருகிலுள்ள 10, 11ஆம் புள்ளிகளில் வீச்சு உண்மை அளவில் சுமார் 64 சதவீதமாகக் குறைந்து, மிச்சம் எல்லாப் புள்ளிகளுக்கும் கசிகிறது. அந்தச் சிறு மேடுகளை ‘சிக்னலில் உள்ள பிற அதிர்வெண்கள்’ என்று எழுதிவைப்பதுதான் தவறு. துண்டின் இரு முனைகளையும் மெல்லப் பூஜ்யத்துக்கு இறக்கும் ஹான் சன்னலால் பெருக்கினால் தொலைவான கசிவு வெகுவாக அடங்கும். ஆனால் முதன்மை மேடு இரு மடங்கு அகலமாகும். இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை.

இதற்கு அடுத்து வருவது பூஜ்யம் சேர்க்கும் ஆசை. 100 மாதிரிகளுக்குப் பின் 900 பூஜ்யங்களை ஒட்டினால் புள்ளிகள் 1 ஹெர்ட்ஸ் இடைவெளியில் வரும். ‘பகுதிறன் (நெருக்கமான அதிர்வெண்களைப் பிரித்துக் காட்டும் திறன்) பத்து மடங்கு கூடிவிட்டது’ என்று மகிழ்வார்கள். கூடவில்லை. வேலி இடுக்குகளை நெருக்கமாக்கினால் பின்னால் இருக்கும் காட்சி இன்னும் நன்றாகத் தெரியும், காட்சி மாறாது. அதுபோல, அடியில் இருக்கும் அதே தொடர்கோட்டைக் கூடுதல் இடங்களில் பார்க்கிறோம், அவ்வளவுதான். சம வீச்சுடன் ஒன்றாகத் தொடங்கும் 100, 104 ஹெர்ட்ஸ் அலைகள் 0.1 வினாடிப் பதிவில் ஒரே மேடாகத்தான் தெரியும், எத்தனை பூஜ்யம் சேர்த்தாலும். பிரிக்க வேண்டுமானால் சுமார் கால் வினாடியாவது பதிவு தேவை. பகுதிறனைத் தீர்மானிப்பது பதிவின் நீளம். மாதிரி வேகத்தைக் கூட்டுவதும் இதற்கு உதவாது. அது பார்க்கக்கூடிய அதிர்வெண் எல்லையை மட்டும் விரிக்கும்.

அந்த எல்லை மாதிரி வேகத்தில் பாதி, இங்கே 500 ஹெர்ட்ஸ். 900 ஹெர்ட்ஸ் கொசைன் அலை நுழைந்தால், கிடைக்கும் எண்கள் 100 ஹெர்ட்ஸ் கொசைன் தரும் எண்களேதான். மாதிரியெடுத்த பிறகு எந்த வடிகட்டியாலும் இவற்றைப் பிரிக்க முடியாது. வடிகட்டி மாதிரியெடுக்கும் முன்பே இருக்க வேண்டும்.

அச்சைப் படிப்பதிலும் சறுக்கல்கள் உண்டு. புள்ளியின் எண் ஹெர்ட்ஸ் அல்ல. அதை மாதிரி வேகத்தால் பெருக்கி, மொத்தப் புள்ளிகளால் வகுக்க வேண்டும். 90ஆம் புள்ளி 900 ஹெர்ட்ஸ் என்று படிக்கிறார்கள். வழக்கமான வாசிப்பில் அது மைனஸ் 100. மேட்லாப் என்னும் கணக்கீட்டு மென்பொருளில் எண்ணிக்கை 1இல் தொடங்குவதால் 100 ஹெர்ட்ஸ் 11ஆவது இடத்தில் இருக்கும்.

உயரமும் ஏமாற்றும். 1 வோல்ட் வீச்சுள்ள அந்த 100 ஹெர்ட்ஸ் அலைக்கு டிஎஃப்டி காட்டும் எண் 50. இரு மடங்கு நீளம் பதிந்தால் 100. சிக்னல் வலுத்துவிடவில்லை, கூட்டிய மாதிரிகள்தான் அதிகம். வீச்சு வேண்டுமென்றால் மாதிரி எண்ணிக்கையின் பாதியால் வகுக்க வேண்டும். தொடர் ஃபூரியர் உருமாற்றத்தோடு ஒப்பிட வேண்டுமென்றால் மாதிரி இடைவெளியான 0.001 வினாடியால் பெருக்க வேண்டும். அப்போது அலகு ஒரு ஹெர்ட்ஸுக்கு இத்தனை வோல்ட். இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டுவிட்டுப் பொருந்தவில்லையே என்று தவிப்பவர்கள், முதலில் அலகைப் பார்க்கலாம்.

கடைசியாக வடிகட்டல். இரு டிஎஃப்டிகளைப் பெருக்கித் திரும்பக் காலத்துக்குக் கொண்டுவந்தால் கிடைப்பது சாதாரண வடிகட்டல் அல்ல, வட்டச் சுருள்வு. வால் பகுதி சுற்றிவந்து தலையில் ஏறிக்கொள்ளும். 100 மாதிரிகளை 21 கெழுக்கள் (பெருக்கும் எண்கள்) கொண்ட வடிகட்டியால் வடிகட்ட, இரண்டையும் குறைந்தது 120 நீளத்துக்குப் பூஜ்யங்களால் நீட்டிவிட்டுத்தான் உருமாற்றம் செய்ய வேண்டும். பகுதிறனுக்கு உதவாத பூஜ்யங்கள் இந்த வேலைக்குக் கட்டாயம் தேவை.