அம்மாவைச் சென்னைக்கு அழைத்து வந்தபோது

அப்பா போன பிறகு மன்னார்குடி வீட்டைக் காலி செய்து, அம்மாவை வேளச்சேரியில் என்னோடு வைத்துக்கொண்டேன். சாமான் ஏற்றி இறக்கியதெல்லாம் பெரிய விஷயமில்லை. முகவரிச் சான்றுதான் படுத்தியது. வாடகை ஒப்பந்தம் என் பெயரில், மின் இணைப்பு வீட்டுக்காரர் பெயரில். அம்மா பெயரில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. வங்கியில் கையை விரித்துவிட்டார்கள்.

தீர்த்து வைத்தது ஆதாரின் 'குடும்பத் தலைவர்' வழி: தன் பெயரில் முகவரிச் சான்று இல்லாதவர், குடும்பத்தில் ஒருவரின் ஆதார் முகவரியை அவர் சம்மதத்தோடு தன் ஆதாரில் ஏற்றிக்கொள்ளலாம். 2023 ஜனவரியில் வந்த வசதி இது. முதலில் என் ஆதாரைப் புது முகவரிக்கு மாற்றினேன். அதில் உள்ள முகவரிதான் அம்மாவின் ஆதாருக்கும் போகும். பிறகு மைஆதார் தளத்தில் அம்மாவின் கணக்கில் நுழைந்து என் ஆதார் எண்ணைக் கொடுத்து, உறவுச் சான்றாக என் பாஸ்போர்ட்டைப் போட்டேன். அதில் தாய் பெயர் இருக்கிறதே! சம்மதம் கேட்டு எனக்குக் குறுஞ்செய்தி வந்தது. 30 நாளுக்குள் ஒப்புக்கொள்ளாவிட்டால் விண்ணப்பம் போச்சு, கட்டணமும் திரும்பாது.

ஒரு சிக்கல்: அம்மாவின் ஆதாரோடு இணைந்திருந்தது அப்பாவின் செல்பேசி எண். ஓடிபி அங்கேதான் போகும். அதனால் அந்த சிம்மை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருந்தேன். அப்போது எண்ணை மாற்ற ஆதார் மையத்துக்கு நேரில் போகவேண்டியிருந்தது. முழங்கால் வலியோடு அம்மாவை உடனே அலைக்கழிக்க மனம் வரவில்லை.

அப்புறம் வங்கி சுலபமாக முடிந்தது. கேஸ் இணைப்பை மட்டும் ஊரிலேயே சிலிண்டர், ரெகுலேட்டர் ஒப்படைத்து, வைப்புத்தொகையை வாங்கி முடித்துவிட்டோம்.