காயப்போட முடிகிற விரிப்பாக வாங்குங்கள்

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில். கடற்கரைக்கு நடந்தால் பத்து நிமிடம். ஆனி பிறந்ததும் சாரல் பிடித்துக்கொள்ளும். அது ஓய்ந்து துணிமணி உலர்வதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும். அதனால் ஹாலுக்கு ஒரு கார்பெட் வாங்கலாமா என்று யார் யோசனை கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நனைந்தால் அதை எங்கே காயப்போடுவீர்கள்? நிறம், டிசைன் எல்லாம் அப்புறம்.

இரண்டு பேர் தூக்கிக் காம்பவுண்டு சுவரிலோ மாடிக் கைப்பிடிச் சுவரிலோ போட முடிய வேண்டும். காய்ந்திருக்கும்போது தூக்க முடிந்தால் போதாது. நனைந்த விரிப்பின் கனமே வேறு. கம்பளி நூல் தன் எடையில் கிட்டத்தட்ட 30 சதவீதம் வரை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் தொட்டால் ஈரம் தெரியாமல் இருக்கும். காய்ந்துவிட்டது என்று நினைத்து மறுபடி தரையில் விரிப்போம், அடியில் பூசணம் பூக்கும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இந்த வீடு பால்காய்ச்சியபோது ஐந்துக்கு எட்டு அடியில் கம்பளி விரிப்பு ஒன்று வாங்கினோம். கால் புதையும் அளவுக்கு மெத்தென்று இருந்தது. பின்பக்கம் ஒரு துணி ஒட்டியிருந்தது, அது ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. மூன்றாவது மழைக்காலத்தில் ஹாலில் ஒரு வாடை. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்து வீடுகளில் ஒட்டுப்பால், அதாவது காய்ந்து ஒட்டிய ரப்பர் பால், மூட்டையைத் திறந்தால் வருமே, அந்த வாடை. விரிப்பைப் புரட்டினேன். தரை முழுக்க மஞ்சளாகத் தூள், சலித்த மாவு மாதிரி. விரலால் பின்துணியை இழுத்தேன், அப்பளம் போல உரிந்து வந்தது. உள்ளே நூல் எல்லாம் ஒரு முடிச்சும் இல்லாமல் நின்றது.

விஷயம் இதுதான். அந்த வகை விரிப்பில் துப்பாக்கி போன்ற ஒரு கருவியால் நூலைத் துணியில் குத்தி ஏற்றுவார்கள். நூல் கழன்றுவிடாமல் பின்னால் ரப்பர் பால் கலந்த பசையைப் பூசி, அதை மறைக்க இன்னொரு துணி ஒட்டுவார்கள். கடையில் ‘டஃப்டட்’ என்பார்கள். வெயிலும் புழுக்கமும் ஈரமும் மாறி மாறிப் பட்டால் பசை இற்றுப் பொடியாகிவிடும். வறண்ட ஊரில் இன்னும் பல வருடம் தாங்கியிருக்கும். கடலோர வீட்டுக்கு அது வேண்டாம்.

ஆகவே கடையில் விரித்துக் காட்டியதும், ‘அண்ணாச்சி, கொஞ்சம் புரட்டிப் போடுங்க’ என்று சொல்லுங்கள். துணி ஒட்டியிருந்தால் பசை வேலை. முன்பக்க டிசைன் பின்பக்கமும் அப்படியே தெளிவாகத் தெரிந்து, ஓரத்துக் குஞ்சம், நீளவாட்டில் ஓடுகிற பாவு நூலின் தொடர்ச்சியாகவே வெளியே வந்தால் கையால் முடிச்சுப் போட்டது. காஷ்மீர், உத்தரப்பிரதேசத்துப் பதோஹி, மிர்சாபூர் பக்கமிருந்து வருகிற நல்ல கம்பளங்கள் இப்படி இருக்கும். குஞ்சத்தைத் தனியாகத் தைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். பின்பக்கம் சீராக வரிவரியாக ஓடி, ஓரம் மெஷின் தையலில் முடிந்திருந்தால் அது மெஷினில் நெய்தது. இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்தால் ஜமுக்காளம்.

நூல் எது என்று தெரிய, ஓரத்தில் தொங்குகிற ஒரு இழையைக் கேட்டு வாங்கி வெளியே வந்து கொளுத்திப் பாருங்கள். கம்பளி என்றால் தலைமுடி கருகுகிற நாற்றம் வரும், சாம்பலை நசுக்கினால் பொடியும். பருத்தி, காகிதம் எரிகிற மாதிரி எரியும். உருகிக் கெட்டியான மணியாக நின்றால் அது பிளாஸ்டிக் நூல். பிறகு ஒரு வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து, சிவப்பும் நீலமும் உள்ள இடத்தில் அழுத்தித் தேயுங்கள். கைக்குட்டையில் சாயம் ஏறினால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

என் சிபாரிசு பருத்தி ஜமுக்காளம்தான். ஈரோடு மாவட்டம் பவானியில் நெய்வதற்குப் புவிசார் குறியீடு உண்டு. மாமியார் கல்யாணத்துக்கு வந்த பட்டை போட்ட ஜமுக்காளம் எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. கிணற்றடியில் அடித்துத் துவைத்தோம், பந்தியில் விரித்தோம், ஒரு நூல் போகவில்லை. பருத்தி நூலுக்கு நனைந்தால் பலம் கூடும். கம்பளி அப்படியில்லை. மெத்தென்றுதான் வேண்டும் என்றால் பாலிபுரொப்பிலின் என்கிற பிளாஸ்டிக் நூலில் மெஷினில் நெய்ததை வாங்கலாம். அது தண்ணீரைக் கிட்டத்தட்ட உறிஞ்சவே உறிஞ்சாது. ஆனால் எண்ணெயை விடாமல் பிடித்துக்கொள்ளும், கனமான மேசையை அதன்மேல் இழுத்தால் தடம் விழும், நாள்கணக்கில் உச்சி வெயிலில் கிடந்தால் நூல் நொறுங்கும். சணல் விரிப்பு பார்க்க அழகு, தண்ணீர் பட்ட இடம் பழுப்பேறும். ‘ஆர்ட் சில்க்’, ‘பேம்பூ சில்க்’ என்று பளபளவென்று காட்டுவது பெரும்பாலும் மரக்கூழிலிருந்து செய்கிற விஸ்கோஸ் நூல். ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டினாலே கறை. முடிச்சுக் கம்பளி வாங்க ஆசையும் பணமும் இருந்தால் மாடியில், காற்றோட்டமான அறைக்கு வாங்குங்கள். கீழ்த்தளத்தில் சிமெண்ட் தரை ஈரம் ஏறும்.

அளவுக்கு எங்கள் வீட்டு வழி ஒன்று உண்டு. நாலு முழ வேட்டி ஒன்றை ஹாலில் விரியுங்கள். ஏறக்குறைய நாலுக்கு ஆறு அடி விரிப்பின் அளவு அதுதான். சோபாவின் முன்கால் அதன்மேல் ஏறுகிறதா, கதவு திறக்கும்போது இடிக்கிறதா என்று இரண்டு நாள் அப்படியே நடமாடிப் பார்த்துவிட்டு அளவை முடிவு செய்யுங்கள். டைல்ஸ் தரை என்றால் அடியில் வழுக்காத ரப்பர் வலை கட்டாயம். வயதானவர்கள் இருக்கிற வீட்டில் ஓரம் சுருண்ட விரிப்பைப் போலக் காலை வாருவது வேறில்லை.

இனி மணல். எங்கள் ஊர் மணலைக் கையில் அள்ளினாலே வித்தியாசம் தெரியும். கறுப்பாக இல்மனைட், சிவப்பாக கார்னெட் என்று கனிமங்கள் கலந்திருக்கும். அதைப் பிரித்தெடுக்கத்தான் இங்கே மத்திய அரசின் அருமணல் ஆலையே இருக்கிறது. சாதாரண மணலைவிடக் கனம் என்பதால் விரிப்பின் மேலே நிற்காது, நூலுக்கு நடுவே இறங்கி அடிவாரத்தில் உட்கார்ந்துவிடும். மேலே பெருக்கினால் சுத்தமாகத் தெரியும். அடியில் நாம் மிதிக்க மிதிக்க மணியின் விளிம்பு நூலை அறுத்துக்கொண்டே இருக்கும். விரிப்பு நடைபாதையில் மட்டும் தேய்ந்துபோவதற்கு முக்கால்வாசி காரணம் இதுதான்.

வாசலிலேயே மணலை நிறுத்த நம்மிடம் தும்பு மிதியடி, அதாவது தேங்காய் நார் மிதியடி, இருக்கிறது. கதம்பலை, அதாவது தேங்காய் மட்டையை, மாதக்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டு அடித்தெடுத்த தும்பு, ஈரத்துக்குச் சட்டென்று மக்காது. சின்னதாக வாங்காமல், இரண்டு காலையும் இரண்டு தடவை வைத்து வருகிற நீளத்தில் வாங்குங்கள். அதை வாரம் ஒருமுறை தட்டாவிட்டால் அதிலிருந்தே மணல் உள்ளே போகும்.

உள்ளே இறங்கிவிட்ட மணலை எடுக்க, விரிப்பைக் குப்புறப் போட்டுப் பின்பக்கத்தை ஈர்க்குமாற்றுக் கட்டையால் மெதுவாகத் தட்டுங்கள். பிறகு தூக்கிப் பார்த்தால் தரையில் கறுப்புக் கோடாக மணல் கிடக்கும். பெருக்கிவிட்டு மறுபடி போட்டுத் தட்டுங்கள். எங்கள் வீட்டில் நான்காவது தடவைதான் தரை வெறுமையாகத் தெரியும். மாதம் ஒருமுறை செய்தால் போதும். வாக்குவம் கிளீனர் இருந்தால் நல்லது, சுழலும் பிரஷ்ஷை மட்டும் குஞ்சத்துப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

குழம்பு கொட்டினால் தேய்க்கவே கூடாது. போன மாதம் தம்பி மகன் தட்டோடு மீன்குழம்பைக் கவிழ்த்தான். கரண்டியால் வழித்தெடுத்துவிட்டு, வெள்ளைத் துணியால் கறையின் ஓரத்திலிருந்து நடுவைப் பார்த்து ஒற்றி ஒற்றி எடுத்தேன். எண்ணெய்க்கு மேலே டால்கம் பவுடர் தூவி ஒரு மணி நேரம் விட்டு உதறினேன். பிறகு பச்சைத் தண்ணீர். சோப்பு போட்டதும் மஞ்சள் கறை சிவந்துபோகும், பயப்படாதீர்கள், மஞ்சளின் குணம் அது. நன்றாக அலசி, கறை வெயில் பார்க்கிற மாதிரி போடுங்கள். மஞ்சள் நிறம் வெயிலில் வெளிறிவிடும். எங்களுக்கு மூன்று நாள் ஆனது. மீன் வாடைக்கு ஒரு பங்கு வினிகரில் மூன்று பங்கு தண்ணீர் கலந்து ஒற்றினால் போதும்.

மற்ற நேரத்தில் வெயிலுக்குப் பின்பக்கத்தைக் காட்டுங்கள், முன்பக்கம் காட்டினால் சாயம் போகும். கடற்காற்றில் வருகிற உப்பு நூலில் படிந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் பருத்தியையும் பிளாஸ்டிக் நூலையும் வருடத்துக்கு இரண்டு முறையாவது நல்ல தண்ணீரில் அலசிவிடுவது நல்லது. அப்படியே ஆறு மாதத்துக்கு ஒருமுறை தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போடுங்கள், தேய்மானம் ஒரே இடத்தில் விழாது.

மழைக்காலத்தில் ஜமுக்காளம் மட்டும் போதும் என்று நான் மற்றதை எடுத்து வைத்துவிடுவேன். மடிக்காமல் உருட்டி, பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் வைப்பேன். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், உள்ளேயே வேர்த்துவிடும். கம்பளியைப் பூச்சி அரிப்பது இருட்டில், யாரும் தொடாத இடத்தில்தான். வேப்பிலை வைக்கிற வழக்கம் எங்களுக்கும் உண்டு, ஆனால் அதை நம்பி விட்டுவிடுவதில்லை. மழைக்கு நடுவே இரண்டு நாள் வெயில் காய்ந்தால் போதும், பரணிலிருந்து இறக்கிப் பிரித்து, பூச்சி இருக்கிறதா என்று நூலை விரலால் ஒதுக்கிப் பார்த்துவிட்டு, சாயங்காலம் மறுபடி உருட்டி வைப்பேன்.