கார்பன் கதிர் சிகிச்சைக்கான அயனி மூலத்தைச் சீரமைப்பது எப்படி

அயனி மூலம் என்பது வாயு அணுக்களின் எலெக்ட்ரான்களை உரித்து அயனிகளாகத் தரும் கருவி. புற்றுக்கட்டியை அடையும் கற்றை கார்பன் 6+, அதாவது ஆறு எலெக்ட்ரான்களும் உரிக்கப்பட்ட கார்பன். ஆனால் மூலத்திலேயே அதை எடுக்க முயலாதீர்கள். நான்காவது எலெக்ட்ரானை உரிக்க 64.5 எலெக்ட்ரான்வோல்ட் போதும், ஐந்தாவதற்கு 392 வேண்டும். ஜெர்மனியின் ஹைடெல்பெர்க், இத்தாலியின் பாவியா சிகிச்சை மையங்களில் 4+ ஆக எடுத்து, நேர்கோட்டு முடுக்கியில் நியூக்ளியானுக்கு (அணுக்கருவின் ஒவ்வொரு துகளுக்கும்) 7 மெகா எலெக்ட்ரான்வோல்ட் எட்டியபின் மெல்லிய தகட்டில் மீதி இரண்டையும் உரிக்கிறார்கள். தவிர, 6+இன் நிறை-மின்னூட்ட விகிதம் ஹீலியம் 2+, ஆக்சிஜன் 8+ ஆகியவற்றுக்கும் அதேதான், அயனிகளை இந்த விகிதப்படி பிரிக்கும் காந்தம் அவற்றைப் பிரித்துத் தராது.

மூலத்தின் அறையில் நுண்ணலை எலெக்ட்ரான்களுக்கு ஆற்றல் தந்து வாயுவைப் பிளாஸ்மாவாக்குகிறது. எலெக்ட்ரானின் சுழற்சி நுண்ணலையோடு ஒத்துப்போகும் காந்தப்புலம்தான் ஒத்திசைவுப் புலம்; 14.5 கிகாஹெர்ட்ஸுக்கு அது 0.52 டெஸ்லா. அச்சின் முனையில் 1.2 டெஸ்லா அளவில் கிடைத்தாலே 4+க்குப் போதும். நிரந்தரக் காந்தமே அதைத் தரும்.

வாயு விடுமுன் வெற்றிடம் 10⁻⁷ மில்லிபாருக்குக் கீழே இறங்கட்டும். கார்பன் டை ஆக்சைடை ஊசி வால்வால் விட்டு, துணைவாயுவாக ஹீலியம் சேருங்கள். மீத்தேன் கூடுதல் மின்னோட்டம் தரலாம், ஆனால் சுவரில் கார்பன் படியும், ஹைட்ரஜன் மூலக்கூறு அயனி எச்3+ உருவாகும். அதன் விகிதமும் 4+ஐப் போல 3தான். கற்றையின் மின்னோட்டத்தை அளக்கும் ஃபாரடே கிண்ணம் இரண்டையும் சேர்த்தே காட்டும், தகட்டுக்கு அப்பால் அளந்தால்தான் உண்மைக் கணக்கு தெரியும்.

இனி மிகப் பொறுமை வேண்டிய வேலை. அயனிகளை மூலத்திலிருந்து இழுக்கும் மின்னழுத்தம் 24 கிலோவோல்ட், பிரிப்புக் காந்தத்தின் ஆரம் 40 செ.மீ. என்றால் 4+ சிகரம் (காந்தப்புலத்தை மாற்றும்போது அந்த அயனியின் மின்னோட்டம் உச்சம் தொடும் இடம்) 0.097 டெஸ்லாவில் நிற்கும். நுண்ணலைத் திறனை 50 வாட்டிலிருந்து 20, 20ஆக ஏற்றுங்கள். 2+, 3+ சிகரங்கள் ஓங்கினால் வாயு அதிகம் என்று பொருள்: அயனி நடுநிலை அணுவிடம் எலெக்ட்ரான் வாங்கி இறங்கிவிடுகிறது. வாயுவைக் குறையுங்கள், திறனை ஏற்றாதீர்கள். அடுத்து, எலெக்ட்ரான்களைப் பிளாஸ்மாவுக்கே திருப்பித் தள்ளும் சார்புத் தட்டின் எதிர்மின்னழுத்தம், கடைசியில் நுண்ணலையின் அதிர்வெண். சில மெகாஹெர்ட்ஸ் நகர்த்தினாலே மின்னோட்டம் கண்கூடாக மாறும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு பத்து நிமிடம் காத்திருங்கள், சுவர் மெதுவாகவே ஒத்துழைக்கும்.

மின்னோட்டம் மில்லிநொடிக் கணக்கில் துள்ளினால் அது பிளாஸ்மாவின் நிலையின்மை. திறனைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கும். நிலையான 200 மைக்ரோஆம்பியர், துள்ளும் 250ஐவிடச் சிகிச்சைக்கு மேல்.

பிளாஸ்மாவைச் சுற்றி அடைத்துவைக்கும் அறுமுனைக் காந்தம் சூடேறினால் தன் புலத்தை நிரந்தரமாக இழக்கும். அறைச் சுவரின் குளிர்நீர் நின்றால் நுண்ணலை தானே அணையும்படி பூட்டு அமைத்துவிடுங்கள். எக்ஸ் கதிர் கசியும் பக்கத்துக்கு ஈயத் தடுப்பு கட்டாயம்.