பாதி வசனத்தோடு நின்றுவிடும் தீர்ப்புகள்

வேதத்தின் கட்டளை ஒரு பக்கம், இரக்கம் மறுபக்கம், இரண்டில் எதைப் பிடித்துக்கொள்வது என்றுதான் நம் சபைகளில் பேச்சு தொடங்குகிறது. கேள்வியே கோணலானது. "பலியையல்ல இரக்கத்தையே விரும்புகிறேன்" என்ற ஓசியாவின் வாக்கை மத்தேயு சுவிசேஷத்தில் இயேசு இரண்டு முறை (9:13, 12:7) எடுத்துச் சொல்கிறார். முதல் முறை, அதன் கருத்தைப் போய்க் கற்றுக்கொள்ளுங்கள் என்கிறார். இரண்டாம் முறை, பசித்த தாவீது, ஆசாரியர் மட்டுமே உண்ணக்கூடிய தேவசமுகத்து அப்பங்களைத் தின்ற கதையை நினைவூட்டி, நீங்கள் வாசிக்கவில்லையா என்கிறார். வேதத்தில் ஊறியவர்களிடம் சொன்ன பேச்சு இது. வசனம் தெரிந்தவர்கள்தான் அதைப் பாதியில் நிறுத்துகிறார்கள். நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

சிறிய தவறு ஒன்றைச் சொல்லி நகர்ந்துவிடலாம். ஞானஸ்நானம் வேண்டுமென்றால் தோட்டைக் கழற்ற வேண்டும் என்று சில சபைகளில் நிபந்தனை வைக்கிறார்கள். ஆதாரம் 1 பேதுரு 3:3. அந்த வசனம் பொன்னாபரணத்தோடு மயிர் பின்னுவதையும் உயர்ந்த வஸ்திரத்தையும் சேர்த்தே சொல்கிறது. பின்னலுக்கும் பட்டுப்புடவைக்கும் யாரும் தடை போட்டதாகத் தெரியவில்லை. நான்கு வசனம் தள்ளி, மனைவிக்குரிய கனத்தைச் செய்யாத கணவனின் ஜெபம் தடைபடும் என்று பேதுரு ஆண்களை எச்சரிக்கிறார். அதைக் கேட்டு ஞானஸ்நானத்தை ஒத்திவைத்த சபைக் கமிட்டி உண்டா?

கணவனிடம் அடிபட்டு வரும் பெண்ணின் விஷயத்தில் இந்தப் பாதி வாசிப்பு ஆபத்தாகவே ஆகிவிடுகிறது. "தள்ளிவிடுதலை நான் வெறுக்கிறேன்" என்ற மல்கியா 2:16-ஐச் சொல்லி, பொறுத்துப் போ, ஜெபம் செய் என்று அவளை அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறோம். அதே வசனம் மூச்சு விடாமல் அடுத்து என்ன சொல்கிறது? அப்படிப்பட்டவன் கொடுமையினால் தன் வஸ்திரத்தை மூடுகிறான் என்கிறது. அந்தப் பகுதி (2:13-16) முழுவதும் மனைவிக்குத் துரோகம் செய்யும் ஆண்களை நோக்கிய கண்டனம். அவர்களைக் கண்டிக்க எழுதியதை அவள் வாயை அடைக்கப் பயன்படுத்துகிறோம்.

நாட்டின் சட்டமும் நெடுங்காலம் அவளுக்கு உதவவில்லை. 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டப்படி, கிறிஸ்தவக் கணவனுக்கு மனைவியின் விபசாரத்தை நிரூபித்தால் போதும். மனைவிக்கோ கணவனின் கொடுமை மட்டும் போதாது, அதோடு அவனுடைய விபசாரத்தையும் நிரூபிக்க வேண்டும். 2001-இல் வந்த திருத்தம்தான் கொடுமையைத் தனிக் காரணமாக ஏற்றது. சட்டமே மாறிவிட்ட பிறகும் பல போதகர்களின் ஆலோசனை மாறவில்லை. அவளுக்கு முதலில் வேண்டியது தங்க ஓர் இடமும், தேவைப்பட்டால் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி பாதுகாப்பு உத்தரவும். திருமண உறவைப் பற்றிய உபதேசம் காத்திருக்கலாம்.

அடுத்தது, பேசவே கூசுகிற விஷயம். வீட்டில் ஒருவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார் என்றால், ஆலயத்துக்குள் பிரேதத்தைக் கொண்டுபோகலாமா, மணி அடிக்கலாமா, குடும்பக் கல்லறையில் இடம் உண்டா என்று விவாதம் கிளம்புகிறது. துக்க வீட்டார் காதுபடவே நடக்கிறது. இந்தத் தடைக்குப் பழைய ஆதாரம் உண்டு. 1662-இன் ஆங்கிலிக்கன் பொது ஜெப புத்தகம் அப்படி இறந்தவர்களுக்கு அடக்க ஆராதனையை மறுத்தது. கத்தோலிக்கரின் 1917 திருச்சபைச் சட்டம், அறிந்து மனமொப்பி அப்படிச் செய்தவர்களுக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. ஆனால் 1983-இல் வந்த புதிய கத்தோலிக்கச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. கடும் மனநலப் பாதிப்பும் வேதனையும் பொறுப்பைக் குறைக்கும், அவர்களுடைய மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கக் கூடாது என்று 1992-இன் மறைக்கல்வி ஏடு சொல்கிறது.

வேதமோ ஆரம்பத்திலிருந்தே அந்தத் தடையைப் போடவில்லை. தூக்கிட்டு இறந்த அகித்தோப்பேல் தாவீதுக்குத் துரோகம் செய்தவன். ஆனாலும் அவன் தன் தகப்பனுடைய கல்லறையில் அடக்கம்பண்ணப்பட்டான் என்று 2 சாமுவேல் 17:23 எழுதிவைத்திருக்கிறது. தன் பட்டயத்தின் மேல் விழுந்து இறந்த சவுலின் உடலைப் பெலிஸ்தர் மதிலில் தொங்கவிட்டபோது, யாபேசின் மனிதர்கள் இரவெல்லாம் நடந்து போய் அதை எடுத்து வந்தார்கள். எலும்புகளை அடக்கம் செய்து ஏழு நாள் உபவாசம் இருந்தார்கள். சவுலால் வேட்டையாடப்பட்ட தாவீது அவர்களுக்கு ஆள் அனுப்பினான், இந்தத் தயவைச் செய்தீர்களே, கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக என்று வாழ்த்துவதற்கு. நம் சேகர கமிட்டிகளில் ஒரு முறையாவது இந்தப் பகுதியை வாசித்திருக்கிறோமா? துக்க வீட்டில் "அவர் பரலோகம் போயிருப்பாரா?" என்று யாராவது கேட்டால், கேட்டவரைக் கையைப் பிடித்து வெளியே அழைத்துப் போவதுதான் அப்போதைய ஊழியம்.

சபைச் சந்தா பாக்கியைக் கட்டினால்தான் அடக்கத்துக்கு அனுமதி என்பதும் இதன் தம்பிதான். மல்கியா 3:10-இன் தசமபாகத்தை மனப்பாடமாகச் சொல்பவர்கள், அதே அதிகாரத்தின் 5-ஆம் வசனம் கூலிக்காரரையும் விதவைகளையும் திக்கற்ற பிள்ளைகளையும் ஒடுக்குபவர்களைப் பற்றிப் பேசுவதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

திருவிருந்தில் "அபாத்திரமாய்" (தகுதியில்லாமல்) பங்கெடுப்பதைப் பற்றிய எச்சரிக்கையைக் காட்டி ஆட்களை விலக்குகிறோம். பவுல் அதை எழுதியது, ஏழைகள் பசியோடிருக்கத் தாங்கள் முந்தித் தின்று குடித்த கொரிந்து சபையாருக்கு. தமிழ்ச் சபைகளுக்கு இது உறைக்க வேண்டும். சாதி வேறுபாட்டைச் சபை உடனே கைவிட வேண்டும் என்று 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் அறிவித்தபோது, தஞ்சாவூரில் பலர் சபையை விட்டுப் போகத் துணிந்தார்கள். பந்தியில் சமமாக உட்கார மறுத்தவர்கள்தான் பவுலின் கணக்கில் அபாத்திரர்கள்.

இரக்கத்தின் பெயரிலும் ஒரு தவறு நடக்கிறது. ஊழியர் ஒருவர் மீது புகார் எழுந்தால், "உங்களில் பாவமில்லாதவன் முதலாவது கல்லெறியக்கடவன்" என்ற வசனம் உடனே வந்துவிடும். யோவான் 8-இல் இயேசு காப்பாற்றியது, விபசாரத்தில் பிடிபட்டு, கூட்டத்தின் நடுவே தனியாக நிறுத்தப்பட்ட பெண்ணை. லேவியராகமம் 20:10 ஆண், பெண் இருவருக்குமே தண்டனை சொல்கிறது, அந்த ஆணை யாரும் பிடித்து வரவில்லை. இன்று தப்பித்துக்கொள்வது அவன்தான், அந்தப் பெண்ணுக்குச் சொன்ன ஆறுதலைத் தனக்குக் கேடயமாக்கிக்கொண்டு. புகார் ஒரு குழந்தையைப் பற்றியது என்றால் கமிட்டிக்குப் பேசி முடிக்க எதுவும் இல்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவின்படி, தெரிந்தவர் எவரானாலும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைப்பது தண்டனைக்குரிய குற்றம். போதகருக்கும் விலக்கில்லை.