மரத்திலிருந்து கயிற்றில் இறங்கும் கருவியைத் தேர்ந்தெடுத்தல்

வடகிழக்குப் பருவமழைக்கு முன் தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கத்து ஊர்களில் புளிய மரத்திலும் இலுப்பை மரத்திலும் ஏறிக் கிளை கழிப்பவர்கள், இறங்குகருவி வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது விலையை அன்று, தங்கள் கயிற்றின் விட்டத்தை. தரமான கருவியின் மீதோ அதன் கையேட்டிலோ அது ஏற்கும் கயிற்றின் அளவு மில்லிமீட்டரில் குறிக்கப்பட்டிருக்கும். அதைவிட மெல்லிய கயிறு பிடிமானமின்றி வழுக்கிவிடும். தென்னைநார்க் கயிறும் கிணற்றடிப் பிளாஸ்டிக் கயிறும் இதற்கு ஆகா.

இறங்குகருவிகளில் '8' என்ற எண் வடிவ வளையம் விலை குறைந்தது, பழுதாக அதிகப் பாகங்கள் இல்லாதது. ஆயினும் அது கயிற்றை முறுக்கும், கை நழுவினால் தானாக நிற்காது. அதை வாங்குவோர், கருவிக்குக் கீழே புருசிக் போன்ற உராய்வு முடிச்சு (எடை ஏறியதும் கயிற்றை இறுகப் பிடிக்கும் சுற்றுமுடிச்சு) ஒன்றைப் போட்டு, அது கருவியைத் தொடாத அளவுக்குக் குட்டையாக இடுப்புவாருடன் இணைத்தே இறங்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

மரத்தில் தொங்கியபடி அரிவாளோ ரம்பமோ பிடிப்பவருக்கு, பிடியை விட்டதும் கயிற்றைக் கவ்விக்கொள்ளும் தானியங்கிக் கருவியையே நான் பரிந்துரைப்பேன். பதற்றத்தில், இறங்குவதற்காக இழுக்கும் கைப்பிடியை முழுதாக இழுத்துவிட்டாலும் நின்றுவிடும் வகை கிடைத்தால், கூடுதல் பணம் கொடுத்தாவது அதை வாங்குங்கள்.

ஆற்றுமணல் ஒட்டிய கயிறு அலுமினியக் கருவியை அரிக்கும் என்பதால், பள்ளம் விழுந்த அல்லது விளிம்பு கூராகிவிட்ட பழைய கருவியை எவர் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.